மெரில் நட்டுவைத்த வால்

ஏப்ரல் வந்துவிட்டால் ஆர்லிஸ் டன்வுடிக்குப் படுத்தால் தூக்கம் வராது, நின்றால் வரும். வயோமிங்கில் அது செம்மறிகள் ஈனுகிற காலம். வேலியில் சாய்ந்து காப்பியை வாயருகே கொண்டுபோகும்போதே கண் செருகிவிடும். காப்பி பூட்ஸுக்குள் இறங்கும்போதுதான் விழிப்பான்.

போதாததற்கு ஒரு கயோட்டி நரி. பொழுது புலர்ந்ததும் ஓடைப் பக்கமாக வந்து, தாயை விட்டு நாலடி தள்ளிப் படுத்திருக்கும் குட்டியாகப் பார்த்துக் கவ்விக்கொண்டு போனது. வாலில் நுனி இல்லாத நரி. அதனால் வேறொரு நரி என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. காவல்நாய் பிஸ்கட்டுக்கு வயதாகிவிட்டது. குரைக்கத்தான் செய்தது, ஆனால் படுத்தபடியே.

மனைவி லவீனா முடிவாகச் சொல்லிவிட்டாள். "இன்னும் ஒரு குட்டி போகட்டும் ஆர்லிஸ், அத்தனை ஆட்டையும் லாரில ஏத்தி அனுப்பிடறேன். நான் கட்டிக்கிட்டது ஒரு மனுஷனை. இப்ப வீட்டுக்குள்ள நடமாடறது உள்ள ஆளில்லாத வெறும் கோட்டு."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆர்லிஸின் தாத்தா காலத்து மந்தை அது. சண்டை போடவும் அவனுக்குத் தெம்பில்லை.

அன்று சாயங்காலமே லவீனாவின் அண்ணன் மெரில் வந்து இறங்கினான். யாரும் கூப்பிடவில்லை. வேட்டையில் நரியை இழுக்க அசையும் பொம்மைகள் செய்யும் ஒரு கம்பெனியின் 'களநிபுணர்' அவன். கம்பெனி அவனுக்குக் கொடுத்தது ஒரு தொப்பி. மற்ற எல்லாவற்றையும் அவன் கம்பெனியிடமிருந்து காசு கொடுத்து வாங்கியிருந்தான்.

பிக்கப்பின் பின்கதவை இறக்கி, நகைக்கடைக்காரன் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துவைத்தான். கம்பி முனையில் துள்ளும் முயல். ஸ்பிரிங்கில் ஆடும் இறகு. குச்சியின் தலையில் மோட்டார் வைத்துச் சுழலும் மயிர்வால். அதில் மட்டும் ஒரு பெட்டி நிறைய இருந்தது.

"எதை வைக்கலாம்னு நெனைக்கற?" என்றான் மெரில்.

"சத்தம் போடாதது எதுவோ அது."

"ஒனக்கு வேட்டை புரியல மச்சான். நரிக்கு மொதல்ல கண்ணு. புல்லு உயரமா இருந்தா முயலு தெரியாது. காத்து நின்னுட்டா இறகு செத்துடும். வால்தான் ராஜா. போன பனிக்காலம் பூரா இந்த ஜில்லா நரியெல்லாம் இந்த வாலைப் பாத்துத்தான் என்கிட்ட ஓடி வந்துச்சு."

"எத்தனை விழுந்துச்சு?"

"நான் வந்ததைப் பத்திப் பேசிட்டிருக்கேன்," என்றான் மெரில்.

மறுநாள் விடியலில் இருவரும் ஓடைமேட்டுக்குப் போனார்கள். மெரில் தலைமுதல் கால்வரை சேஜ் புதர் அச்சடித்த உடை போட்டு, முகத்திலும் பச்சை பூசியிருந்தான். ஆள் தெரியவில்லை, பேச்சு மட்டும் நிற்காமல் கேட்டது. பொம்மையை நம்மைவிட்டு முப்பது கஜம் தள்ளி வைக்கவேண்டும், நரியின் கண் அங்கே போய்விடும், நம் கை அசைவது அதற்குத் தெரியாது என்று பாடம் நடத்தினான். நடத்திவிட்டு, வாலைத் தன் முழங்காலுக்குப் பக்கத்திலேயே நட்டான்.

"முப்பது கஜம்னியே?"

"அவ்வளவு தள்ளி வெச்சா, கம்பெனிக்குப் படம் எடுக்கற கேமராவுல நானும் வாலும் ஒண்ணா விழ மாட்டோம்."

"கொஞ்சம் மெதுவாவாச்சும் சுத்த விடேன்."

"மெதுவா சுத்தினா வீடியோல எடுபடாது."

ஒலிபெருக்கியில் அடிபட்ட முயல் கதறத் தொடங்கியது. ஆர்லிஸ் துப்பாக்கியை மடியில் வைத்தான். அந்தக் கதறலே அவனுக்குத் தாலாட்டாக இருந்தது. மெரில் முழங்கையால் இடித்தபோது எதிர்ச்சரிவில் நரி நின்றிருந்தது. நுனியில்லா வால். காதை நிமிர்த்திக்கொண்டு, சத்தம் வந்த இடத்தை நோக்கிப் பத்தடி இறங்கியது. ஆர்லிஸ் கண்ணை அகலத் திறந்தான். இதோ, இது ஒன்று விழுந்தால் போதும்.

அப்போது அது சுழலும் வாலைப் பார்த்தது.

அதன்பிறகு அது செய்ததை ஓட்டம் என்றுகூடச் சொல்ல முடியாது. கடன்காரனைச் சந்தையில் கண்டவன் மாதிரி, முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தவழியே நடந்தது. மெரில் சுட்டான். மேட்டில் மண் பறந்தது. நரி அவசரப்படாமல் மறைந்தது.

"அந்த வாலைப் பாத்தியா?" என்றான் மெரில், உற்சாகம் குறையாமல். "நுனியைப் பறக்கவிட்டது நான்தான். ஜனவரில. மயிரிழைல தப்பிச்சது."

ஆர்லிஸ் சுழலும் வாலைக் காட்டினான். "அப்ப இந்தக் குச்சியை வெச்சுத்தான் கூப்பிட்டியா?"

"பின்ன? இதே வால்தான்."

"ஓ," என்றான் ஆர்லிஸ். கோபப்படவேண்டிய இடம் என்று தெரிந்தது. ஆனால் கோபப்படுவதென்றால் எழுந்து நிற்கவேண்டியிருக்கும்.

மெரில் விடவில்லை. ஒரு வாலுக்குப் பயப்படும் நரி, பல வாலைப் பார்த்தால் குழம்பி நெருங்கி வரும் என்பது அவனுடைய புதிய தத்துவம். மத்தியானம் முழுக்க மேய்ச்சல் ஓரமாகப் பெட்டியிலிருந்த வால்களையெல்லாம் நட்டான். நட்டு முடித்ததும் முதுகு பிடித்துக்கொண்டது. காலையில் வந்து வேட்டையாடுவதாகச் சொல்லி, ஒருக்களித்து உட்கார்ந்தபடி தன் வீட்டுக்கு வண்டியை ஓட்டிப் போனான்.

போகும்போது எல்லாவற்றையும் அணைத்துவிடச் சொல்லியிருந்தான். ஆர்லிஸ் வேலிவரை போனான். ஓடைவரைக்கும் வரிசையாகச் சுழலும் வால்களைப் பார்த்தான். அத்தனைக்கும் நடந்து, குனிந்து, பொத்தானை அழுத்தி நிமிரவேண்டும் என்று நினைத்ததுமே கால் கனத்தது. சுற்றட்டும் என்று திரும்பி வந்து, பூட்ஸோடு கட்டிலில் விழுந்தான்.

விழித்தபோது ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது. அலறியடித்துக்கொண்டு ஓடினான். லவீனா பட்டியில் நின்றிருந்தாள்.

"எத்தனை போச்சு?"

"ஒண்ணும் போகல. ஓடைக்கு அந்தப்பக்கமே நின்னுச்சாம் அந்த மொட்டைவால். பிஸ்கட் படுத்தபடியே குரைச்சுச் சொன்னான்."

ஆர்லிஸ் வேலியைப் பிடித்துக்கொண்டான். எதிர்வெயிலில் வால்கள் சுழன்றுகொண்டிருந்தன. இரண்டு மட்டும் பேட்டரி தீர்ந்து நின்றிருந்தன. முதல் வேலையாக அவற்றுக்குப் புதுப் பேட்டரி போட்டான். இதையும் அந்த நரி ஒருநாள் கற்றுக்கொள்ளும் என்பது அவனுக்குத் தெரியும். குட்டிகள் ஓடப் பழகும்வரை அது கற்காமலிருந்தால் சரி.

முதுகு சரியாகாததால் வராமலேயிருந்த மெரில், விஷயத்தைக் கேள்விப்பட்டு வாரக்கடைசியில் போன் செய்தான். நரி விரட்டும் கருவி ஒன்றைத் தான் கண்டுபிடித்திருப்பதாகக் கம்பெனிக்குச் சொல்லிவிட்டானாம். வீடியோ எடுக்க வால்கள் வேண்டுமாம். ஆர்லிஸும் பக்கத்தில் நின்று இரண்டு வார்த்தை சொல்லவேண்டுமாம்.

"கொட்டகைக்குப் பின்னால முயலும் இறகும் இருக்கு, எடுத்துட்டுப் போ," என்றாள் லவீனா. "வாலைத் தொட்டா கைய ஒடைச்சுடுவேன்."

"சரி, ஆர்லிஸ் எங்க? அவன்கிட்ட குடு."

லவீனா சமையலறையை எட்டிப் பார்த்தாள். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. ஆர்லிஸ் நாற்காலியில் இருந்தான், வாய் திறந்திருந்தது.

"மனுஷன் தூங்கறார்," என்று சொல்லி, போனை மெல்ல வைத்தாள்.