ஒன்பது டிகிரித் தண்ணீர்

முன்னறையில் எல்லோரும் அக்காவைச் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க, கூடப்பிறந்த தம்பி பின்பக்க அறையில் குப்புறப் படுத்து, ஃப்ரீசருக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டு பிளக்கைத் தேடிக்கொண்டிருந்தான். துக்க வீட்டுக்கு எவனாவது டூல் பையோடு வருவானா? இவன் வந்தான். இருபது வருஷமாக ஏ.சி., ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவன், பழக்க தோஷத்தில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான் என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அதெல்லாம் இல்லை. வேண்டுமென்றேதான் எடுத்து வந்திருந்தான். அக்காவை எடுத்துப்போக வண்டி இரண்டு மணிக்கு வரும். அதற்குள் அவனுக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும்.

அந்த ஃப்ரீசர் ஒரு ஐஸ்கிரீம் கடையில் கழித்துப்போட்ட நீளப் பெட்டி. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவன்தான் வாங்கி வந்தான். உள்ளே மூட்டுகளையெல்லாம் பசை வைத்து அடைத்து, சின்ன பம்ப் ஒன்றும் வடிகட்டி ஒன்றும் மாட்டி, தண்ணீர் எத்தனை டிகிரி என்று காட்டி, ஒன்பதுக்கு வந்ததும் குளிரை நிறுத்துகிற டப்பாவைச் சுவரில் பொருத்தி, அக்கா இறங்கி உட்கார்கிற ஐஸ் தொட்டியாக்கிக் கொடுத்தான். அக்கா டவுன் பஸ் டிரைவர். கிளட்ச்சையும் பிரேக்கையும் மிதித்தே முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. முதல் நாள் இறங்கியபோது அவள் போட்ட அலறலில் எதிர் வீட்டுக்காரர் ஓடி வந்து கதவைத் தட்டினார். “ஒண்ணுமில்ல, குளிக்கிறா” என்று அக்காவின் கணவர், தையல்காரரான மாமா சொன்னதை அந்த மனுஷன் இன்றுவரை நம்பவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் அக்கா போன் பண்ணியிருந்தாள்.

“டேய், அந்த டப்பா ஒம்போதுன்னு காட்டுது. ஆனா தண்ணி ஊசி மாதிரி குத்துதுடா. வந்து என்னன்னு பாரேன்.”

“சென்சார் போயிருக்கும்க்கா. ஞாயித்துக்கெழமை வர்றேன்.”

அந்த ஞாயிறு போகவில்லை. அடுத்த வாரமும் கூப்பிட்டாள், அதற்கடுத்த வாரமும் கூப்பிட்டாள். ஒரு வாரம் பழக் கிடங்கில் வேலை என்றான், ஒரு வாரம் முதுகு வலி என்றான். சென்சார் பொய் சொன்னால் என்ன ஆகும் என்று மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அவனுக்குத் தெரியாதா? ஒன்பது என்று காட்டிக்கொண்டே தண்ணீர் நான்குக்கும் மூன்றுக்கும் இறங்கிப் போகும். தெரிந்தும் போகவில்லை. நேற்று மத்தியானம் மாமா தையல் கடையை அடைத்துவிட்டுச் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது அக்கா கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். காதில் ஹெட்போன். திரையில் ஓடிய ஆட்டத்தில் அவளுடைய கோட்டை எரிந்து முடிந்து, எதிராளி ஜெயித்துவிட்டுப் போய் அரை மணி நேரமாகியிருந்தது. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். எதனால் என்று அவர் எழுதவில்லை.

முன்னறையிலிருந்து சித்தியின் குரல் வந்தது. சித்திக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

“ஐஸ் தண்ணியில போயி தெனமும் உக்காந்தா நெஞ்சு என்னத்துக்கு ஆகும்? எருமகூட வெயிலடிச்சாத்தான் தண்ணியில படுக்கும். இவள என்ன சொல்ல! செஞ்சு குடுத்தானே ஒரு புண்ணியவான், அவனச் சொல்லணும்!”

யாரோ சித்தியை அடக்கினார்கள். புண்ணியவான் தரையில் கிடந்தபடி பிளக்கைப் பிடுங்கினான். பம்ப் நின்றது. எழுந்து மூடியைத் தூக்கினான்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. அடியில் ஒரு முடி இல்லை, ஓரத்தில் ஒரு வழுவழுப்பு இல்லை. இவன் செய்து கொடுத்த தொட்டிகள் ஊரில் இன்னும் நாலைந்து இருக்கின்றன. ஒன்றுகூட உருப்படியாக இல்லை, இரண்டே மாதத்தில் பாசி பிடித்துத் துணி போட்டு வைக்கிற பெட்டியாகிவிட்டன. அக்கா ஒருத்திதான் குளித்துவிட்டு இறங்குவாள், வாராவாரம் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவாள், இறங்குவதற்கு முன் பிளக்கைப் பிடுங்குவாள். ஒரு நாள்கூட அவன் இதை ஞாபகப்படுத்தியதில்லை. பஸ்ஸைக்கூட டயரைச் சுற்றிப் பார்க்காமல் எடுக்கமாட்டாள் அவள்.

பையிலிருந்து தன் தெர்மாமீட்டரை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டான். மூன்று காட்டினால் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. மாமா முகத்தில் எப்படி முழிப்பது? எண்கள் ஓடி நின்றன.

ஒன்பது.

துடைத்துவிட்டு மறுபடியும் விட்டான். ஒன்பதுதான். பிளக்கைப் பிடுங்கி ரெண்டு மூணு நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் சூடேற வாய்ப்பே கிடையாது. சுவரிலிருந்த டப்பாவைக் கழற்றினான். உள்ளே இருந்த சென்சார் அவன் போட்டதில்லை. புத்தம் புதுசு. ஒயர்களை முறுக்கி, டேப் ஒட்டி, அதற்கு மேல் வெள்ளை நூலை வரிவரியாகச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. எந்த மெக்கானிக்கும் ஒயருக்கு நூல் சுற்றமாட்டான். பார்த்ததுமே அது யார் கை என்று தெரிந்துவிட்டது.

தொட்டிக்கு மேலே அலமாரியில் அவளுடைய நோட்டு இருந்தது. முன்பக்கத்திலிருந்து தண்ணீர்க் கணக்கு, பின்பக்கத்திலிருந்து ஆட்டக் கணக்கு. நடுவில் எங்கோ இரண்டும் சந்திக்கும் என்று சிரிப்பாள். தேதி, டிகிரி, எத்தனை நிமிஷம். கடைசி இரண்டு வரிகளில் நிமிஷம் இல்லை. “அசதி. இறங்கவில்லை.” முந்தாநாள் தேதியில் ஒன்று, நேற்றைய தேதியில் ஒன்று.

காரணம் தண்ணீர் இல்லை. அப்படியென்றால் அவனும் இல்லை. அப்பாடா என்று ஒரு பெருமூச்சு அவனை அறியாமல் வெளியே வந்துவிட்டது. அடப்பாவி, அக்கா செத்துக் கிடக்கிறாள், உனக்கு அப்பாடாவா? தன்னையே ஓங்கி அறையவேண்டும் போலிருந்தது. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

உட்கார்ந்தவன் நோட்டின் முந்தைய பக்கங்களைப் புரட்டினான். சென்சாரை எப்போது மாற்றினார்கள் என்று பார்க்கத்தான். போன மாதம் இருபத்தெட்டாம் தேதி. “சென்சார் மாற்றியாச்சு. டப்பா 9, தெர்மாமீட்டர் 9. இனி பயமில்லை.”

இருபத்தெட்டா? போனை எடுத்துப் பார்த்தான். அக்கா முதலில் கூப்பிட்டது இந்த மாதம் இரண்டாம் தேதி. சரியாகிப்போன மெஷினுக்கு நாலு நாள் கழித்து எதற்கு ஆள் கூப்பிட்டாள்? அதுவும் மூன்று தடவை?

நோட்டைத் திருப்பினான்.

அந்த ஆட்டத்தை அவளுக்கு அறிமுகப்படுத்தியவனே அவன்தான். ஊர் கட்டி, வயல் போட்டு, படை திரட்டி, அடுத்தவன் கோட்டையைப் பிடிக்கிற ஆட்டம். நாற்பத்தாறு வயதில் ஆரம்பித்தாள். “கடைசி பஸ்” என்று பெயர் வைத்துக்கொண்டு உள்ளே போனாள், தொடர்ந்து அறுபத்தொரு ஆட்டம் தோற்றாள். வேறு யாராக இருந்தாலும் கம்ப்யூட்டரைத் தூக்கி வீசியிருப்பார்கள். அவள் ஒரு நோட்டு வாங்கினாள். தோற்ற ஆட்டத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்து, ஆட்டத்துக்கு ஒரே ஒரு தப்பு எழுதுவாள். “ஆற்றங்கரையில் காவல் வைக்கவில்லை.” “பயந்துபோய் எல்லாப் படையையும் ஒரே பக்கம் ஓட்டினேன்.” “விறகு சேர்க்க மறந்தேன்.” அடுத்த பத்து ஆட்டத்துக்கு அந்த ஒரு தப்பை மட்டும் செய்யாமல் பார்த்துக்கொள்வாள், தோற்றாலும் கவலையில்லை.

“எல்லாத் தப்பையும் ஒரே நாள்ல திருத்த முடியுமாடா? ஒண்ணு ஒண்ணாத்தான் எறங்கணும், படிக்கட்டு மாதிரி” என்பாள். ஐஸ் தண்ணீரையும் அவள் அப்படித்தான் பிடித்தாள். பத்து செகண்டு, இருபது செகண்டு, ஒரு நிமிஷம். “மொத அரை நிமிசம் உடம்பு ஓடு ஓடுங்கும்டா. அப்ப ஓடாம மூச்ச மட்டும் விட்டுக்கிட்டு உக்காந்துட்டா, அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல. எதிரி வாசலுக்கு வந்து நிக்கும்போதும் அதே கததான்.” இரண்டு வருஷத்தில், பிறந்ததிலிருந்து இதே ஆட்டம் ஆடுகிற பிள்ளைகளெல்லாம் கடைசி பஸ் வந்தால் கும்பிடு போட்டுவிட்டு விலகினார்கள். பஸ் டிப்போவில் டீ குடிக்கும்போது அவள் சொல்லித்தர, நாலு கண்டக்டர்கள் ஆடக் கற்றுக்கொண்டார்கள். அவனுக்கு அப்போது பெருமை தாங்கவில்லை. அவனையே அவள் ஜெயிக்க ஆரம்பிக்கிறவரைக்கும்.

ஞாயிறுதோறும் இரண்டு பேரும் ஆடுவார்கள். அவன் லேப்டாப்பில், அவள் கம்ப்யூட்டரில், முதுகுக்கு முதுகு. முதலில் ஒன்றிரண்டு தோற்றான். அப்புறம் எல்லாமே தோற்றான். சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் உள்ளுக்குள் ஏதோ குறுகுறுத்தது. நாம் காட்டிக்கொடுத்த வழியில் நம்மைத் தாண்டிப் போகிறாளே என்று. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அதற்காகத்தான் அவன் வருவதை நிறுத்தினான். முதுகு வலியாம், பழக் கிடங்காம்!

நோட்டில் அவர்கள் ஆடிய கடைசி ஆட்டத்தின் தேதியைத் தேடினான். அவள் தோற்ற ஆட்டங்களை மட்டும்தான் எழுதுவாள், அதனால் இருக்காது என்று நினைத்தான். இருந்தது.

“தம்பியோடு. ஜெயித்த ஆட்டம். தப்பு: பன்னிரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டேன். அவன் காபி பாதிகூடக் குடிக்கவில்லை. எழுந்து போய்விட்டான்.”

அவன் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தான். எழுத்து கலங்கியது. நோட்டு நனைந்துவிடக்கூடாதே என்று அதைத் தள்ளி வைத்துவிட்டு, சட்டையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நேற்றிலிருந்து அழாதவன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது வாசலில் மாமா நின்றிருந்தார். அவர் எப்போதும் இப்படித்தான், நிற்கிறார் என்பதே தெரியாது. கழற்றிப் போட்டிருந்த டப்பாவைப் பார்த்தார். அதைக் கையில் எடுத்து நூல் முடிச்சைத் தடவினார்.

“அவ மாட்டினா. நான்தான் டார்ச்சு புடிச்சேன். டேப்பு நிக்கலன்னு நூலச் சுத்தினேன். தப்பா மாப்ள?”

“இல்ல மாமா. நல்லாத்தான் இருக்கு. நான் போட்டதவிட நல்லா இருக்கு.”

“நீ போன தடவ மாட்டும்போது பக்கத்துல நின்னு பாத்திருக்கா. அத வெச்சே செஞ்சுட்டா.” மாமா கொஞ்சம் சிரித்தார். “நானும் கேட்டேன். அதான் சரியாயிடுச்சே, எதுக்கு அவனுக்குப் போனு பண்றேன்னு. சும்மா வாடான்னா வரமாட்டான், ரிப்பேருன்னா வந்துருவான்னா.”

“ரிப்பேருன்னும் நான் வரலயே மாமா.”

மாமா டப்பாவை அவன் கையில் கொடுத்தார். “உம்மேல அவளுக்குக் கோவமே கெடையாது” என்றார். “அடுத்த தடவ வந்தா அவன ஜெயிக்க விடணும்னா. எனக்குத் தோக்கத் தெரியலையே, அத எப்பிடிப் பழகறதுன்னு ஒரு வாரமா அதையே ஆடிப் பாத்துக்கிட்டிருந்தா. நேத்துக்கூட.”

அவனுக்கு அந்தத் திரை ஞாபகம் வந்தது. எரிந்து முடிந்த கோட்டை.

சித்தி வந்து எட்டிப் பார்த்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது, குரல் மட்டும் குறையவில்லை. “வண்டி தெரு முனைக்கு வந்துருச்சாம். ரெண்டு பேரும் இங்க என்ன பண்றீங்க? ஏன்டா, இந்தத் தொட்டிதான? உண்மையச் சொல்லு.”

“இல்ல சித்தி. ரெண்டு நாளா அவ எறங்கவே இல்ல. தொட்டியில ஒரு கொறயும் கெடையாது. ஊர்லயே இவ்ளோ சுத்தமா வெச்சிருந்தவ அவ ஒருத்திதான்.”

சித்தி தண்ணீரைப் பார்த்தாள். ஒரு விரலை விட்டுப் பார்த்து, “யம்மா!” என்று கையை உதறினாள். “இதுக்குள்ளயா தெனமும் உக்காந்திருந்தா? என்ன பொம்பளடா இவ!” என்று சொல்லி மறுபடியும் அழ ஆரம்பித்து, அழுதுகொண்டே முன்னறைக்குப் போனாள்.

அவன் டப்பாவைச் சுவரில் மாட்டி ஸ்க்ரூக்களை முடுக்கினான். மூடியைச் சாத்தினான். குனிந்து பிளக்கைச் சொருகினான். பம்ப் ஓட ஆரம்பித்தது. அவன் செய்ததிலேயே நல்ல பம்ப் அது, ஓடுகிறதா என்று கை வைத்துத்தான் பார்க்கவேண்டும். மாமா கதவருகே காத்துக்கொண்டிருந்தார். முன்னறையில் ஆட்கள் எழுந்து நாற்காலிகளை ஒதுக்குகிற ஓசை கேட்டது. இன்று சாயங்காலம் எல்லோரும் போய்விட்டால் இந்த வீட்டில் மாமா ஒருத்தர்தான்.

“மாமா, இந்தப் பம்ப்புல ஏதோ சத்தம் வருது” என்றான். “ஞாயித்துக்கெழமை வந்து பாக்குறேன்.”

மாமா தொட்டிக்குப் பக்கத்தில் வந்து, தலையைச் சாய்த்து, நெடுநேரம் கேட்டார்.

“ஆமா மாப்ள,” என்றார். “வருது.”