கௌசிகா எழுதாத வரி

கௌசிகாவின் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே தரணி பியூரெட்டைத் திறந்தாள். பெர்மாங்கனேட் ஒரு சொட்டு விழுந்தது. கீழே குடுவையில் இருந்த ஆக்ஸாலிக் அமிலம் இளஞ்சிவப்பாகி அப்படியே நின்றது. நிறம் மறையாமல் நின்றுவிட்டால் சோதனை முடிந்ததாக அர்த்தம். ஆரம்பிக்கும் முன்பே முடிந்துவிட்டதே என்று தரணி திகைத்தாள்.

திருப்பதிக் கல்லூரியில் இருவரும் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. போன வாரம் ஒருவர் எழுதிய ரிப்போர்ட்டை மட்டும் படித்து, அதே சோதனையைப் பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டும் என்று துர்காதேவி மேடம் சொல்லியிருந்தார். எழுதியவர் கூடவே நிற்கலாம், வாயைத் திறந்தால் மார்க் கிடையாது. கௌசிகாவுக்குக் கவலையே இல்லை. வகுப்பிலேயே அழகான ரிப்போர்ட் அவளுடையதுதான்.

தரணி குடுவையைக் கழுவி மறுபடி ஆரம்பித்தாள். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். மறுபடியும் முதல் சொட்டிலேயே சிவப்பு. போன செமஸ்டரில் பிராக்டிகலில் கோட்டை விட்டவள் அவள்.

"எனக்கு எதுவுமே ஒழுங்கா ஆவாதுடி" என்றாள். கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் கௌசிகாவுக்கு உறைத்தது. அமிலத்தைச் சூடாக்கினால்தான் நிறம் மறையும். போன வாரம் ஏதோ பேசிக்கொண்டே அடுப்பில் வைத்திருந்தாள். எழுதும்போது அது நினைவுக்கே வரவில்லை.

"உன் மேல தப்பில்லடி. சூடு பண்ணணும். நான்தான் எழுதல."

"மாட்லாடகூடதனி செப்பானு கதா!" பேசக் கூடாதென்று சொன்னேனே என்று மேடம் தெலுங்கில் அதட்டினார். வந்து ரிப்போர்ட்டைப் பார்த்தார், பூஜ்யம் போட்டார். "திங்கக்கிழமை புதுசா எழுதிக்கினு வா."

கல்லூரி விட்டு வீட்டுக்குத் திரும்பும் புத்தூர் ரயிலில் இருவருக்கும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கௌசிகா மடியில் தாளை விரித்தாள்.

"எவ்ளோ சூடு பண்ணணும்?" தரணி கேட்டாள்.

"ஆவி வர்ற வரைக்கும்."

"எவ்ளோ ஆவி? எனக்கு இன்னா தெரியும்?"

கௌசிகா யோசித்தாள். "தெர்மாமீட்டர் வெச்சு அறுவது டிகிரி. ஆறிப்போறதுக்குள்ள முடிச்சிடணும்."

"இத்தக்கூட எழுதலியா நீ!"

இருவரும் சிரித்துவிட்டார்கள். பூஜ்யம் வாங்கிய நாளில் இப்படிச் சிரிப்பு வருவது கௌசிகாவுக்கே ஆச்சரியமாக இருந்தது. தரணி கேட்கக் கேட்க எழுதினாள்.

ரேணிகுண்டா தாண்டியதும் காற்று வேகமெடுத்தது. தரணி தாளின் மூலையில் டிபன் டப்பாவை வைத்தாள்.

"பிளாஸ்க்க எப்டி ஆட்டிக்கினு இருக்கணும்? இப்டியா?"

இல்லாத குடுவையைப் பிடித்து வெயிலில் வட்டமாகச் சுழற்றிக் காட்டினாள். எதிர் சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண், பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.