ரோக்வியோடு போன காற்று

ரோக்வி கால்பந்து ஆடக் கோபன்ஹேகனுக்குக் கப்பலேறிய அன்று, ஃபாரோ தீவுகளின் காற்றும் அவனோடு போய்விட்டது. கப்பல் துறைமுக முனையைத் தாண்டியதும் கொடியில் படபடத்த துணிகள் அப்படியே தொங்கின. அந்தக் கோடையில் எங்கள் ஊர்ப் பெண்கள் முதன்முதலாகத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குப் போனார்கள். கடைக்காரர் குடை வரவழைத்து விற்றார். சனியன் தொலைந்தது என்று சந்தோஷப்படாதவர் இல்லை.

அங்கே ரோக்விக்கு அமோகம். வெளியே போகிறது என்று எல்லோரும் கைவிட்ட பந்தைக் காற்று திருப்பி வலைக்குள் போடும். முதல் பெனால்டியின்போது, ஊர் வழக்கப்படி, யாராவது குப்புறப் படுத்துப் பந்தை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றான். டேனிஷ்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பந்து தானாக உருண்டு மைதானத்தின் மூலைக் கொடிக்கம்பம் வரை போனபின், சிரித்தவர்களில் ஒருவரே படுத்தார். இலையுதிர் காலத்தில் பெரிய ஜெர்மன் அணி ஒன்று அவனைக் கேட்டது. பிறந்ததிலிருந்து அவன் ஏங்கியது அதற்குத்தான்.

அக்டோபரில் ஊரில் ஆடு அறுத்தார்கள். அறுப்புக்கு நாள் பார்ப்போமே தவிர, காற்றை யார் பார்த்தார்கள்? கறி தொங்கவிடும் கொட்டகையின் பலகை இடுக்குகளில் கடல்காற்று புகுந்து கறியை உலர்த்தினால்தான் குளிர்காலத்தில் சோறு. தொங்கவிட்டதெல்லாம் புழுத்தது. மிச்ச ஆடுகளை அறுக்காமல் நிறுத்திவிட்டு, எல்லோரும் ரோக்வியின் மனைவி மார்யுன் முகத்தைப் பார்த்தார்கள். அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"காத்த மட்டும் அனுப்பி வைக்க முடியாதா?"

"துறைமுகத்துல விட்டுட்டு ஓடி வந்து பாத்தேன். எனக்கு முன்னாடி வீட்டுல உக்காந்திருக்கு." பிறகு, "வான்னு ஒரு வார்த்தை சொல்லு, வந்துடறேன்" என்றான்.

"மாட்டேன். அப்புறம் காலம் பூரா சொல்லிக் காட்டுவ."

ஜெர்மன்காரர்களிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவனே வந்தான். கப்பல் முனையில் திரும்பும்போதே கரையில் தொப்பிகள் பறந்தன. வரவேற்க வந்த ஊர் மொத்தமும் கத்தியை எடுக்க வீட்டுக்கு ஓடியது. அவன் பையோடு இறங்கியபோது மார்யுன் மட்டும் நின்றிருந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"வா, நம்ம ஆடும் காத்துக்கிட்டிருக்கு. அழணும்னா நடந்துக்கிட்டே அழு."

அதன்பின் பல வருஷம் அவன் நாட்டுக்காக ஆடினான், பெரும்பாலும் தோற்றார்கள். அக்டோபரில் வெளிநாட்டு ஆட்டம் வந்தால் மட்டும் அவன் பெயர் அணியில் இருக்காது. பயிற்சியாளர் காரணம் கேட்டதில்லை. அவர் வீட்டிலும் கறி தொங்கியது.