உதவியில்லாமல் ஓர் ஆம்லெட்

மருத்துவமனையின் தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில், பசிக்காக யாரும் சமைக்காத ஒரு சமையலறை இருந்தது. அடுப்பு எரியும், குழாயில் தண்ணீர் வரும், அலமாரி நிறையப் பாத்திரம் உண்டு. பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர்களும் தலையில் அடிபட்டு நினைவு தடுமாறியவர்களும், வீட்டுக்குப் போனால் தங்களால் என்ன முடியும் என்று இங்கேதான் செய்து பார்ப்பார்கள்.

அந்த அறையின் பொறுப்பு ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் இருந்தது. தன் வேலையின் பெயரைச் சொன்னதும் பாதிப் பேர், "வேலை வாங்கிக் குடுப்பீங்களா மேடம்?" என்று அவளிடம் கேட்பார்கள். மீதிப் பேர் பிசியோதெரபிஸ்ட் என்று நினைத்து முழங்காலை நீட்டுவார்கள். அவள் அலுத்துக்கொள்ளவே மாட்டாள். "பிசியோ உங்க கையைத் தூக்க வைப்பாரு. தூக்கின கையால சட்டை போடுறது, சமைக்கிறது, கதவைப் பூட்டுறது, அதெல்லாம் என் இலாகா" என்பாள்.

வேலையில் நன்றாகக் காலூன்றிய பிறகு அவள் மாஸ்டர் டிகிரிக்குச் சேர்ந்தாள். ஏற்கெனவே தெரபிஸ்டாக இருப்பவர்களுக்கென்றே உள்ள படிப்பு அது. வாரநாட்களில் மருத்துவமனை, சனிக்கிழமை வகுப்பு. "படிக்கிற வயசுல தூங்கிட்டு, தூங்கற வயசுல படிக்கப் போறாங்க அண்ணி" என்று நாத்தனார் சீண்டினாள். இவள் சிரித்துக்கொண்டே பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று முதல் பட்டம் சொல்லிக்கொடுத்திருந்தது. செய்தது பலித்தது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று இந்தப் படிப்பு கேட்டது. அந்தக் கேள்வி அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது ஓர் ஆம்லெட். சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. முட்டையை எடுப்பது, உடைப்பது, அடிப்பது, அடுப்பைப் பற்றவைப்பது, எண்ணெய் விடுவது, ஊற்றுவது, திருப்புவது, அணைப்பது என்று அந்தச் சின்னக் காரியத்துக்குள் கை, கண், நினைவு, நிதானம் எல்லாவற்றுக்கும் வேலை இருக்கிறது. ஒவ்வொரு படியையும் நோயாளி தானாகச் செய்தாரா, உதவியோடு செய்தாரா என்று குறித்தால், அவரை வீட்டில் தனியாக விடலாமா என்று சொல்லிவிட முடியும். இதுதான் அவள் வாதம். சோதனை முழுவதையும் ஒரு மூலையிலிருந்து கேமரா பதிவு செய்யும்.

அவளுடைய நோயாளிகளில் ஒருவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய பஸ் கண்டக்டர். வலது கை இன்னும் சோம்பிக் கிடந்தது. பேச்சு மட்டும் ஓவர்லோடு. அன்றைக்கு அவர் இடது கையால் ஆம்லெட் போட்டு, அடுப்பை அணைத்து, தட்டில் சரித்து, "அடுத்த ஸ்டாப் வயிறு" என்றார். எல்லாப் படிக்கும் 'தானாக' என்று அவள் குறித்தாள்.

கண்டக்டரின் மனைவி ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். கணவருக்காக எடுத்த விடுப்பு அந்த மாதத்தோடு முடிகிறது. அதற்குள் திரும்பாவிட்டால் அவளுடைய மெஷினில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும்.

"பகல்ல அவரைத் தனியா விடலாமா மேடம்? நீங்க சொன்னா நான் தைரியமாப் போவேன்" என்றாள்.

"தாராளமா விடலாம் அக்கா. எல்லாம் தானாவே செஞ்சாரு" என்றாள் இவள்.

அந்தச் சனிக்கிழமை வீடியோவை வகுப்புத் தோழியிடம் கொடுத்தாள். ஆய்வு விதி அப்படி. ஒருத்தி போட்ட மதிப்பெண்ணைப் பார்க்காமல் இன்னொருத்தியும் தனியாகப் போட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் அளவுகோல் நேராக இருக்கிறது என்று அர்த்தம். தோழி வேறொரு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் இருந்தாள். எதையும் நோண்டி நோண்டிப் பார்ப்பதால் வகுப்பில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

மாலையில் நூலகத்தில் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். கண்டக்டருக்குப் பூதக்கண்ணாடி பெரும்பாலான படிகளில் 'உதவியோடு' என்று போட்டிருந்தாள்.

"ஏய், தூக்கத்துல பாத்தியா? நான் வாயே திறக்கல. கை கூட நீட்டல."

"வாயைத் திறக்கல, சரி. மூஞ்சி என்னடி பண்ணுது?"

"யாரோட மூஞ்சி?"

"உன்னோடதுதான். அவர் கையை மட்டும் பாத்திருப்ப. இப்ப சத்தத்தை நிறுத்திட்டு உன்னைப் பாரு."

பார்த்தாள். திரையில் கண்டக்டர் முட்டையை அடித்து முடித்து நின்றார். அடுத்து என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. தலையைத் தூக்கி எதிரே நின்ற இவளைப் பார்த்தார். இவள் கண் சட்டென்று அடுப்புப் பக்கம் ஓடியது. அவர் அடுப்பை நோக்கிப் போனார். ஆம்லெட் கருகத் தொடங்கியதும் இவளுடைய புருவம் ஏறியது. உடனே அவர் திருப்பிப் போட்டார். அடுப்பை அணைக்காமலே தட்டை எடுக்கப் போனார். இவளுடைய தாடை இறுகியது. அவர் கை பின்வாங்கி அடுப்புத் திருகுக்குப் போனது. குழந்தைக்குச் சோறு ஊட்டும் அம்மா தன்னையறியாமல் தானும் வாயைத் திறப்பாளே, அப்படி அந்த ஆம்லெட்டின் ஒவ்வொரு படியையும் இவள் முகத்தாலேயே செய்துகொண்டிருந்தாள்.

"ஆயுசு பூரா பஸ்ல மூஞ்சியைப் பாத்தே டிக்கெட் எடுக்காதவனைப் பிடிச்ச மனுஷன்" என்றாள் இவள் மெதுவாக. "என் மூஞ்சியைப் படிக்கிறதா கஷ்டம்?"

"மத்த வீடியோவும் பாக்கலாமா?"

பார்த்தார்கள். கண்டக்டர் அளவுக்கு இல்லாவிட்டாலும் எல்லோருமே கொஞ்சம் கொஞ்சம் இவள் முகத்தைப் பார்த்துத்தான் சமைத்திருந்தார்கள். நல்ல தெரபிஸ்ட் யாருக்கும் வருகிற கோளாறுதான் இது. நோயாளி ஜெயிக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறவர்களின் முகம் சும்மா இருக்காது.

ஆய்வு போனால் போகட்டும், திருத்திக்கொள்ளலாம். இவளை நம்பி ஒருத்தி வேலைக்குப் போகப் போகிறாள். வீட்டில் எரிகிற அடுப்புக்கு எதிரே இவள் முகம் இருக்காது. நூலக வாசலுக்கு வந்து அங்கிருந்தே கண்டக்டரின் மனைவியை அழைத்தாள்.

"அக்கா, நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். அவர் தானா செய்யல. என் மூஞ்சியைப் பாத்துப் பாத்து செஞ்சிருக்காரு. இன்னும் தனியா விட வேண்டாம்."

"சூப்பர்வைசர்கிட்ட வர்றேன்னு சொல்லிட்டேனே மேடம்."

"மாசம் முடிய நாள் இருக்கு. அதுக்குள்ள ஒரு வழி பண்றேன். வழி கிடைக்கலன்னா அதையும் நானே உங்ககிட்ட சொல்றேன்."

அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியை நடந்ததைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப எடுத்த வீடியோ எல்லாம் குப்பைக்கா?"

"இல்ல மேடம், அதுதான் இனிமே என் ஆய்வே. நாம உதவி செய்யலன்னு நினைக்கும்போது எவ்வளவு உதவி செய்யறோம்னு அளக்கப் போறேன். கையில ஆதாரம் இருக்கு. முதல் குற்றவாளி நானே."

"தலைப்பை மாத்தினா ஆய்வுக் குழு கேள்வி கேட்டுக் குடையுமே."

"குடையட்டும் மேடம். பதில் சொல்ல எனக்கு விஷயம் இருக்கு."

பேராசிரியை கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "எழுதிட்டு வாங்க" என்றார்.

திங்கட்கிழமை சோதனையில் அவள் கண்டக்டருக்கு எதிரே நிற்கவில்லை. அவருக்குப் பின்னால், எட்டினால் அடுப்பை அணைக்கும் தூரத்தில் நின்றுகொண்டாள். முட்டையை அடித்ததும் அவர் தலையைத் தூக்கினார். எதிரே சுவர். இடம் பார்த்தார், வலம் பார்த்தார், கடைசியில் முழுவதுமாகத் திரும்பிவிட்டார்.

"எங்க போய் ஒளிஞ்சிக்கிட்டீங்க மேடம்?"

"என் மூஞ்சியில ரூட் போர்டு மாட்டியிருக்காண்ணே? அதான் கழட்டி வச்சிட்டேன்."

அவர் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் கை நின்ற இடத்திலேயே நின்றது. எண்ணெய் விடாமலே முட்டையை ஊற்றினார். அடுப்பை அவள்தான் அணைத்தாள்.

தோற்ற சோதனையைத்தான் அவளுக்கு அக்கக்காகப் பிரித்துப் பார்க்கப் பிடிக்கும். உடைக்கச் சொன்னால் உடைக்கிறார். திருப்பச் சொன்னால் திருப்புகிறார். எந்தப் படியும் அவருக்கு மறக்கவில்லை. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் உள்ள இடத்தில்தான் பாலம் உடைந்திருக்கிறது. அங்கே அவருக்குப் பார்க்க ஏதாவது வேண்டும். அது மனித முகமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

மேடையில் ஒரு நீளமான தட்டை வைத்தாள். தேவையான எல்லாவற்றையும் அலமாரியிலிருந்து எடுத்து, பயன்படும் வரிசையில் இடமிருந்து வலமாக அடுக்கினாள். கிண்ணம், முட்டை, உப்பு, முள்கரண்டி, லைட்டர், எண்ணெய், தோசைத்திருப்பி. தோசைக்கல் அடுப்பிலேயே இருந்தது; முட்டையை அடித்ததும் கிண்ணம் எண்ணெய்க்கு அடுத்த இடத்துக்கு நகரும். ஒன்றைப் பயன்படுத்தியதும் பக்கத்தில் வைத்த பிளாஸ்டிக் தொட்டிக்குள் போட்டுவிட வேண்டும். தட்டில் இடது கோடியில் எது மிச்சமோ அதுதான் அடுத்த வேலை. அணைப்பதற்கு மட்டும் எடுத்து வைக்க ஒரு பொருளும் இல்லை. அதற்குக் கொஞ்சம் யோசித்தாள். சாப்பிடுகிற கரண்டியை நூலில் கட்டி, பற்றவைக்கத் திருகினாலும் விழாதபடி அடுப்புத் திருகின் மேலேயே தொங்கவிட்டாள். சாப்பிட ஆசைப்பட்டால் கை அங்கே போயே ஆக வேண்டும்.

தினமும் இப்படியே அவரைப் பழக்கினாள். வார முடிவில் அவர் திரும்பிப் பார்ப்பது குறைந்தது. அதற்கடுத்த வாரம் நின்றே போனது.

ஆனாலும் மருத்துவமனைச் சமையலறையில் ஜெயித்தவர் வீட்டில் ஜெயிப்பார் என்று அவள் இப்போது வாக்குக் கொடுக்கத் தயாராக இல்லை. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கண்டக்டரின் வீட்டுக்கே போனாள். குறுகலான சமையலறை. பிரிட்ஜ் மேல் கேமராவை வைத்தாள். தட்டைக் காலையில் மனைவி அடுக்கிவிட்டு வேலைக்குப் போவதாக ஏற்பாடு. அதனால் அவளையே அடுக்கச் சொன்னாள். பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு வெளியே நடைவழிக்கு வந்து, கதவை ஒரு கை அகலம் திறந்து வைத்தாள்.

"நான் எதுக்கு மேடம் வெளிய?"

"உங்களுக்கும் மூஞ்சி இருக்கே அக்கா."

கதவிடுக்கில் இவளுக்கு அவருடைய முதுகு தெரிந்தது. மனைவிக்குச் சத்தம் மட்டும்தான். முட்டை உடைந்தது. முள்கரண்டி கிண்ணத்தில் தாளம் போட்டது. லைட்டர் சொடுக்கியது, எண்ணெயில் முட்டை சீறியது. பிறகு ஒன்றுமில்லை. மனைவி கதவைத் தள்ளப் போனாள். இவள் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். தனக்கும் உள்ளே ஓடவேண்டும் போலத்தான் இருந்தது. அவருடைய முதுகு அசையவில்லை. தலை மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. தட்டில் மிச்சமிருந்தது தோசைத்திருப்பி. அதை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் அடுப்பில் கரண்டி இடறுகிற ஓசையும், திருகு 'டக்' என்று முடிகிற ஓசையும் கேட்டன.

"படியில நிக்கிறவங்க எல்லாம் உள்ள ஏறுங்க" என்று குரல் வந்தது.

மூவரும் ஆளுக்கொரு துண்டு சாப்பிட்டார்கள். உப்பு இல்லை. உப்பு டப்பாவை அவர் திறக்காமலே தொட்டிக்குள் தள்ளியிருந்தார்.

"உப்பை மறந்துட்டீங்களே" என்றாள் மனைவி.

"பிரஷருக்கு உப்பைக் குறைன்னு டாக்டர் சொல்லலையா? வேணும்னேதான் போடல" என்றார் அவர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

இது மறதியா, சமாளிப்பா, உண்மையா? அந்த முகத்தில் அவளால் எதையும் படிக்க முடியவில்லை. 'உப்பு: சேர்க்கவில்லை. காரணம்: உறுதியாகத் தெரியவில்லை' என்று எழுதினாள். மற்ற எல்லாப் படிக்கும் 'தானாக' என்று குறித்தாள். பூதக்கண்ணாடி பார்த்தாலும் இந்த முறை அதையேதான் போடுவாள்.

"இப்ப சொல்றேன் அக்கா. விடலாம்."

மனைவி கையைக் கழுவிப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "சார், நான்தான். திங்கக்கிழமை வந்துர்றேன். என் மெஷின்ல யாரையும் உட்கார வச்சிராதீங்க."