பத்தாவது படிவம்

கள்ளக்குறிச்சி மிஷன் அலுவலகத்தில் இயக்குநர் இஸ்ரவேல் ஐயா சொல்லச் சொல்ல, ஊழியர்களின் ஆண்டு மதிப்பீட்டைச் சலோமி கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது பேருடையது முடிந்துவிட்டது. பத்தாவது அவளுடையது.

"கடைசிக் கேள்வி: கல்வராயன் மலையில நம்ம பிள்ளைங்க விடுதிக்குப் பொறுப்பாளரா அனுப்பலாமா? இன்னும் பக்குவம் வரல. டைப் பண்ணும்மா."

அவள் கை நகரவில்லை.

"இன்னா, கரண்ட் போச்சா?"

"கரண்ட் இருக்குதுங்க ஐயா. ஆறு வருஷமா இதே வரிய என் கையாலயே டைப் பண்ணிக்கினு இருக்கேன். இன்னா பக்குவம் கம்மின்னு சொல்லுங்க, கத்துக்கிறேன்." குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான்.

ஐயா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். "உன்கிட்ட ஒரு குறையும் இல்லம்மா. நீ மலைக்குப் போயிட்டா இங்க எனக்கு யாரு இருக்கா? வயசு அறுபத்தஞ்சு ஆவுது. முடியல."

"அப்ப அதையே டைப் பண்ணட்டுங்களா?"

ஊழியர்களை உருவாக்க வேண்டும் என்று ஜெபக் கூட்டத்தில் அவர் பேசாத வாரம் கிடையாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடி அவரே அடித்தார்: 'அனுப்பலாம். தாமதம் என்னால்.'

"புதுசா சேர்ந்த தனுஷாவ நாளையிலேர்ந்து பக்கத்துல உக்கார வெச்சி, உன் வேலைய சொல்லிக் குடு."

"நாளைக்குங்களா? அதுக்குள்ள நீங்க மனசு மாறிடுவீங்க ஐயா. இன்னிக்கே உக்கார வெக்கிறேன்."

சலோமி தனுஷாவைக் கூப்பிட எழுந்து போனாள்.