செவலையின் கழுத்தில் ஒரு சோப்பு டப்பா

1

இந்தக் கதை மாட்டிலிருந்து பிறக்கவில்லை, ஒரு ஐ.சி.யிலிருந்து, அதாவது மின்னணுச் சில்லிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1986 கடைசியில் மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடையொன்றில் வாங்கினேன். கறுப்பாக, இருபுறமும் கால்களோடு இருந்தது. "சீமாஸ் ரகம் சார், கரண்டே திங்காது. ரெண்டு பென்சில் செல்லப் போட்டுட்டு மறந்துருங்க, மாசக்கணக்கா ஓடும்" என்றார் கடைக்காரர்.

(ஒரே ஐ.சி.க்குள் குட்டிக் கணினியையே அடைத்துவிட்டார்களாம், பத்திரிகையில் படித்தேன். மதுரைக்கு வரட்டும், அதற்கும் ஒரு கதை எழுதுகிறேன்.)

அதை வைத்து ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் செய்தேன்.* பக்கத்தில் ரேடியோவைத் திருப்பினால் கீச், கீச் என்று கேட்கும். "நல்ல பாட்டுக்கு நடுவுல என்னங்க இது கீச்சு கீச்சுன்னு? எதுக்கு ஆகும் இது?" என்றாள் என் மனைவி. கதை எழுதினால் தெரியுமென்று உட்கார்ந்தேன்.

* அனுமதியில்லாமல் இப்படிச் செய்வது சட்டப்படி குற்றம். ஆகவே "நான்" என்று எழுதியிருப்பதையும் கற்பனை என்றே கொள்க.

2

தொடக்கம் அ: தை மூன்றாம் நாள், அலங்காநல்லூர் வாடிவாசலில் புழுதி

(வேண்டாம். கொம்பையும் புழுதியையும் எழுதப் போனால் என் ஐ.சி. மிதிபட்டுப் போகும்.)

தொடக்கம் ஆ: மின்னணுவியல் என்பது யாதெனில்

(இதை நானே படிக்கமாட்டேன்.)

நேராகச் சொல்லிவிடுகிறேன். முத்துத்தாய்க்கு வயது இருபத்திரண்டு. ஊர் அலங்காநல்லூருக்குப் பக்கம், வேலை மதுரையில் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடையில். கன்றிலிருந்து அவள் வளர்த்த ஜல்லிக்கட்டுக் காளை செவலை. வாடிவாசலைத் தாண்டிய மாடு மிரண்டு எந்தத் திக்கிலாவது ஓடிவிடும். தேடிப் பிடித்து வருவது வீட்டுக்காரர் பாடு. போன வருடம் செவலையைத் தேட மூன்று நாள் ஆனது. அவளுடைய அண்ணன் காசிமாயன் அன்றைக்கே சொல்லிவிட்டான்: "இன்னொரு தடவ என்னய இப்படி அலைய விட்டுச்சுன்னா யாவாரிட்டப் பிடிச்சுக் குடுத்துருவேன், பாத்துக்க." வியாபாரியும் இந்தப் பொங்கல் முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருந்தான்.

முத்துத்தாய்க்கு என் ஐ.சி.யைக் கொடுத்தேன். கதையில் அதெல்லாம் எளிது. அவள் டிரான்ஸ்மிட்டரைச் சோப்பு டப்பாவுக்குள் வைத்துச் செவலையின் கழுத்துப்பட்டையில் கட்டினாள். மாட்டை நெருங்க நெருங்கக் கையிலிருக்கும் டிரான்சிஸ்டர் ரேடியோவில் கீச்சொலி வலுக்க வேண்டும். அவள் போட்ட திட்டம் அதுதான்.

3

செவலை யார் கைக்கும் பிடிபடாமல் ஓடிவிட்டது. (ஒரே வரியில் முடித்ததற்கு ஜல்லிக்கட்டு ரசிகர்கள் மன்னிக்கவும்.)

காசிமாயன் மொபெட்டை ஓட்ட, பின்னால் முத்துத்தாய் டிரான்சிஸ்டரைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கரும்புக்காடு, வாழைத்தோட்டம், கண்மாய்க்கரை எல்லாம் சுற்றியாகிவிட்டது. கரகரப்பைத் தவிர ஒன்றுமில்லை.

"கேக்குதா ஆத்தா?"

"இல்லண்ணே."

காசிமாயன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். மாட்டை விற்க அவனுக்கு

இந்த இடத்தில் பேனாவை நிறுத்தினேன். வில்லனாகத்தான் அவனை அழைத்து வந்தேன். ஆனால் ஆளைப் பார்த்தால் சிரிக்கிறவனாகத் தெரியவில்லை. கண்மாய்க்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, வியர்க்காத முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நாந்தேன் கெடுத்துட்டேன். சால்டரிங் எங்கயோ விட்டுப்போச்சு போல." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வித்துருவியாண்ணே?"

"நீ ஒண்ணும் கெடுக்கலத்தா" என்றான். "காலைல மாட்டுக்குப் பொட்டு வச்சேன்ல. புதுச் சாமானாச்சே, அத மட்டும் விட்டா நல்லாருக்காதுன்னு டப்பாவத் தொறந்து..."

"தொறந்து?"

"சந்தனம் வச்சேன். உள்ள கருப்புப் பூச்சி மாதிரி ஒண்ணு இருந்துச்சே, அது நெத்தியில."

"ஈரச் சந்தனமா?"

"பன்னீர் விட்டுக் கொழச்சது."

4

கடைக்காரர் எனக்குச் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. இம்மியளவு மின்சாரத்தில் பிழைக்கிற சாமானைக் கெடுக்க இம்மியளவு ஈரம் போதும். கால்களுக்கிடையே சந்தனம் வழிந்தால் மின்சாரம் அதன் வழியே கசிந்துவிடும், கீச்சும் நின்றுவிடும். காய்ந்தால் திரும்ப வரலாம். வராமலும் போகலாம்.

ஐ.சி. கிடக்கட்டும், என் வில்லன் கையைவிட்டுப் போனான். விற்கப்போகிற மாட்டின் சோப்பு டப்பாவுக்கு எவனாவது பன்னீர் விட்டுச் சந்தனம் குழைப்பானா? எழுதுகிறவனுக்கு நட்டம்தான். ஆனாலும் அன்று காப்பியை ரசித்துக் குடித்தேன்.

5

முடிவு அ: சந்தனம் காய்ந்து டிரான்சிஸ்டர் கீச்சிடுகிறது. செவலை யாருடைய கரும்பையோ தின்றுகொண்டு நிற்கிறது. தோட்டக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.

முடிவு ஆ: வீட்டுக்குப் போனால் செவலை தானாக வந்து தொட்டித் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறது. மாடுகள் அப்படி வருவதுண்டு. (என் ஐ.சி.க்குத்தான் அவமானம்.)

முடிவு இ: மாடு கிடைக்க

(இதை எழுத மனம் வரவில்லை.)

எனக்குத் தெரிந்தவரை இருவரும் இன்னும் கண்மாய்க்கரையில்தான் இருக்கிறார்கள். நல்ல வெயில். முத்துத்தாய் முதலில் அண்ணனை முறைத்தாள். பிறகு அடக்கமுடியாமல் சிரித்துவிட்டாள்.

"பூச்சிக்கு நெத்தி எதுன்னு எப்படிண்ணே கண்டுபிடிச்ச?"

"சிரிக்காத. அடுத்த வருசம் டப்பாவுக்கு வெளிய மட்டும் வைக்கிறேன்."

முத்துத்தாய் டிரான்சிஸ்டரைக் காதிலிருந்து இறக்கினாள்.

"என்னண்ணே சொன்ன?"

"வெளிய மட்டும் வைக்கிறேன்னேன்."

"அதுக்கு முன்னாடி."

"அடுத்த வருசம்னேன். இப்ப அதுக்கென்ன? ஏறு வண்டியில, பொழுது போகுது."

மாட்டைக் கண்டுபிடிக்கும் வேலையை உங்களிடம் விட்டுவிடுகிறேன். டிரான்சிஸ்டர் இந்தாருங்கள், எந்தக் காட்டில் வேண்டுமானாலும் கீச்சைக் கேளுங்கள், எனக்குச் சம்மதம். வழியில் வியாபாரி எதிர்ப்பட்டு வீடு எது என்று விசாரித்தால் மட்டும், காசிமாயன் ஊரில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.