கசகசாப் பூக்களுக்கு நடுவே ஒரு நீலம்

கடவுளே, அந்த மனுஷனுக்குக் கண் இருந்து என்ன பிரயோஜனம்!

சேன் நதிக்கரைப் புல்வெளியில் கசகசாப் பூக்கள் செக்கச்செவேலென்று பூத்துக் கிடந்தன. காலையிலிருந்து ஆன்செல்ம் அதைத்தான் வரைந்துகொண்டிருந்தான். பாரிஸே கேலி செய்த அந்தப் புதுக்கூட்டத்து ஓவியர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்ணைப் பாதி மூடிக்கொண்டுதான் பார்ப்பார்கள். மரம், மாடு, மனுஷர் எதுவும் தெரியக் கூடாது. நிறம் மட்டும் தெரிய வேண்டும். அதில் ஆன்செல்ம் மகா கெட்டிக்காரன்.

பசி வயிற்றைக் கிள்ளியது. ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி லெயோந்தீன் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவரும் நேரம் தாண்டிவிட்டது.

"எங்க போய்த் தொலைஞ்சா இவ?" என்று முணுமுணுத்தான்.

அப்போதுதான் சிவப்புக்கு நடுவே ஒரு நீலத் திட்டு கண்ணில் பட்டது. அதன்மேல் வெள்ளையாய் ஒரு கீற்று அசைந்தது. அடடா! படத்தில் குறையாக இருந்தது இதுதானே! தலைகால் புரியாத சந்தோஷத்தில் தூரிகையை நனைத்து அப்பினான். பசியே மறந்துபோயிற்று.

புல்லுக்குச் சொந்தக்காரி உர்சூல் ஆற்றுப் பக்கமிருந்து வந்து, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏன் ஓவியரே, என் மாட்டுத் தீவனத்தையெல்லாம் மிதிச்சுத் துவைச்சாச்சா? அந்தப் பக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கு, அதையும் மிதிச்சிடுங்க."

"படத்தைப் பாருங்கம்மா, அப்புறம் திட்டலாம்."

"பார்த்தேன். அம்மை போட்ட மாதிரி இருக்கு. இந்த நீலம் என்னது?"

"என்னவா இருந்தா என்ன? எனக்கு நிறம் போதும்."

உர்சூல் நெற்றிக்குமேல் கைவைத்துப் புல்வெளியைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியது.

"ஐயோ, அது உங்க பொண்டாட்டி!"

இருவரும் ஓடினார்கள். நீலப் பாவாடையோடு லெயோந்தீன் சுருண்டு கிடந்தாள். வெயிலில் உதடு வெடித்திருந்தது. உர்சூல் தன் குடுவைத் தண்ணீரை அவள் வாயில் விட்டாள். வயிற்றில் கைவைத்துப் பார்த்தாள்.

"பிள்ளை அசையுது. ரெண்டு உயிரும் தப்பிச்சுது."

லெயோந்தீன் கண்ணைத் திறந்ததும் ஆன்செல்முக்கு அழுகை பீறிட்டது. "ஏன்டி கூப்பிடலை? ஒரு சத்தம் போட்டிருந்தா ஓடி வந்திருப்பேனே!"

"கிறுகிறுன்னு வந்து விழுந்துட்டேன். தொண்டை அடைச்சுக்கிச்சு. கையைத்தான் ஆட்டினேன்," என்றாள் லெயோந்தீன். "நீங்க பார்த்தீங்க. நேரா என்னைத்தான் பார்த்தீங்க. சிரிச்சீங்க கூட."

ஆன்செல்ம் குனிந்தான். தூக்கிவிடக் கையை நீட்டினான். அவள் அதைப் பிடிக்கவில்லை.

"உர்சூலம்மா, என்னை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. பிரசவம் வரைக்கும் அங்கயே இருந்துக்கறேன்," என்றாள்.